ஒரு கைப் பொங்கல்

ஜனவரி 16, மாட்டுப் பொங்கல்

காலையில் கடும் பனி. எதிர்வீட்டுக் கூரைகூடத் தெரியவில்லை. செவலையைக் குளிப்பாட்டியது நான். கொம்புக்குப் பெயின்ட் அடித்தது அம்மா.

மேலத்தெருக் கோயிலில் கோபூஜை. அவர்களிடம் மாடு கிடையாது. சாணி அள்ள ஆள் இல்லை என்று ஒவ்வொருவராக விற்றுவிட்டார்கள். டிராக்டருக்குப் பூஜை போட்டால் புண்ணியம் வராது போல. அதனால் எங்கள் செவலை. கன்று போட்டு இரண்டு மாதம். எங்கள் அடுப்பு எரிவதே அவள் பாலில்தான்.

கோயில் வாசலில் தர்மகர்த்தா. மாட்டைப் பார்த்து: “வாங்க மகாலட்சுமி, வாங்க வாங்க.” அம்மாவைப் பார்த்து: “செல்வி, நீ அந்த வேப்பமரத்தடியில நில்லு. உள்ள நாங்க பாத்துக்கறோம்.”

மாட்டுக்கு ‘வாங்க’. அம்மாவுக்கு ‘நில்லு’. கயிறு கை மாறியது. மதிலுக்கு அந்தப் பக்கம் மணிச் சத்தம். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

திரும்பி வந்தபோது செவலையின் வாயெல்லாம் சர்க்கரைப் பொங்கல். அம்மாவுக்குப் பெருமை வேறு.

“அத்தனை பேரும் தொட்டுக் கும்பிட்டாங்களாம்டி.”

“மாட்டைத்தானே?”

அம்மா உள்ளே போய்விட்டாள். சொல்லியிருக்க வேண்டாம்.

மாலை. கறவை பாதிகூட இல்லை. கன்று முட்டி முட்டி ஓய்ந்துவிட்டது. செவலை வைக்கோலை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறாள். எப்போதும் ஆடிக்கொண்டிருக்கும் வாய் ஆடவில்லை. அசை போடவில்லை. பல்லை மட்டும் நறநறவென்று கடிக்கிறாள். இடது பக்க வயிறு உப்பல்.

பக்கத்து வீட்டுக் கண்ணன் சித்தப்பா வந்து பார்த்தார். “கண்ணு பட்டிருக்கு அண்ணி. மூங்கில் குழாயில நல்லெண்ணெய் ஊத்திவிடுங்க, கலகலன்னு போயிடும்.” அம்மா எண்ணெய் எடுக்கப் போனாள். நான் போன் அடித்தேன். கால்நடை ஆஸ்பத்திரி விடுமுறை. டாக்டரம்மா எடுத்தார், நல்ல வேளை.

“நீங்களா எதையும் வாயில ஊத்தாதீங்க. நுரையீரலுக்குப் போனா அதுலயே செத்துடும். இடது வயித்துல கைய மடக்கி அழுத்திப் பாரும்மா.”

அழுத்தினேன். பிசைந்த மாவில் விழுவது போலக் குழி. உடனே எழும்பவில்லை.

“சாணி?”

தண்ணீராக. புளித்த நாற்றம். உள்ளே பருக்கை பருக்கையாகச் சோறு.

“என்ன தின்னுச்சு?”

“பொங்கல்.”

“எவ்வளவு?”

மரத்தடியில் நிறுத்திவிட்டார்கள் என்பதை எப்படிச் சொல்வது? “தெரியலைங்க.”

“மாட்டுக்காரங்க நீங்களே தெரியலைன்னா? கேட்டுச் சொல்லுங்க. எவ்வளவு போயிருக்குங்கறது எனக்கு முக்கியம். நான் கிளம்பறேன்.”

மேலத்தெருவுக்கு ஓடினேன். வீடு வீடாக.

“ஒரு கைதாம்மா குடுத்தேன்.”

“ஒரே ஒரு கை. அதுவும் நெய் போட்டு.”

“ஒரு கை. நாக்க நீட்டிச்சு, பாவமா இருந்துது.”

மொத்தத் தெருவும் ஒரு கை. கடைசியாகத் தர்மகர்த்தா: “ஒரு கைக்கு மேல யாரும் குடுக்கலையே. கோயில் அண்டாதான் மீந்துபோச்சு. வீணாக்கக் கூடாதுன்னு மகாலட்சுமிக்கே வச்சுட்டோம்.”

அண்டா. வாசலில் மரத்தடியில் இரண்டு பேர் நின்றோம். ஒரு வாழை இலைக் கிழிசலில் வைத்து நீட்ட யாருக்கும் தோன்றவில்லை.

டாக்டரம்மா ஸ்கூட்டரில் வந்தார். குழாய் விட்டு ஆப்பசோடாத் தண்ணீர். கழுத்தில் ஊசி, பாட்டில் பாட்டிலாக மருந்து. பாட்டிலை நான் தூக்கிப் பிடித்தேன். கை மரத்துப்போனது.

“உள்ள இட்லி மாவாட்டம் புளிச்சுப் பொங்கிக் கெடக்கு. மாட்டு வயிறு வைக்கோலுக்கும் புல்லுக்கும் ஏற்பட்டது. சோறு இவ்வளவு ஒரேயடியா போனா முழுக்க அமிலம். படுத்துட்டா எழுப்பறது கஷ்டம்.”

படுக்கவில்லை இன்னும்.

ஜனவரி 17

காணும் பொங்கல். சித்தப்பா வீட்டில் எல்லாரும் வேளாங்கண்ணி கடற்கரைக்கு. எங்களையும் கூப்பிட்டார்கள்.

செவலைக்குக் காய்ந்த வைக்கோல் மட்டும். கழுநீர் கூடாது, தவிடு கூடாது. அம்மா: “ஒரு கை புண்ணாக்காவது டாக்டரம்மா?” டாக்டர்: “இன்னொரு ஒரு கையா?” மறுபடி ஊசி.

அம்மா சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன், பசித்தது.

மேலத்தெருவிலிருந்து ஆள். “மகாலட்சுமி எப்படி இருக்குன்னு தர்மகர்த்தா கேட்டுட்டு வரச் சொன்னாரு.” செல்வி எப்படி இருக்கிறாள் என்று கேட்கச் சொல்லவில்லை.

ஜனவரி 18

வாய் ஆடுகிறது!

பல் தேய்த்துக்கொண்டே பார்த்தேன். தொண்டையில் ஒரு உருண்டை மேலே ஏறியது. பிறகு அரைப்பு, நிதானமாக, மாடு மாதிரி. அம்மாவைக் கத்திக் கூப்பிட்டேன். பக்கத்தில் குந்தி அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்துபோய் நேற்றைய குழம்பை ஊற்றி மூன்று தட்டுச் சோறு சாப்பிட்டாள். எனக்குச் சிரிப்பு. கொஞ்சம் அழுகையும்.

ஜனவரி 21

பால் மெல்லக் கூடுகிறது. போன் ரீசார்ஜ் முடிந்தது, மறுபடி போடப் பணம் இல்லை.

டாக்டரம்மா எங்களையும் விடவில்லை. பால் ஏறும் என்று அம்மா தினமும் ரேஷன் அரிசிக் கஞ்சி வைப்பாளே, அதற்குத் திட்டு. இனி: முதலில் வைக்கோல், அப்புறம்தான் தீவனம், அதுவும் பிரித்து. புதுத் தீவனம் என்றால் பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து. காலையில் முதல் வேலை வாய், இடது வயிறு, சாணி பார்ப்பது. யார் எதை நீட்டினாலும் வாங்கித் தனியே வைப்பது.

பச்சைப்புல் நிறையக் கொடுக்கச் சொல்கிறார். வாய்க்கால் கரையில் இடுப்பளவு நிற்கிறது. கரை புறம்போக்கு. வேலி மேலத்தெருவுடையது.

ஜனவரி 25

தர்மகர்த்தா வாசலில். மகன் சிங்கப்பூரிலிருந்து வந்திருக்கிறானாம், புது வீடு, கிரகப்பிரவேசம். “செல்வி, புதன்கிழமை விடியக்காலம் மாட்ட அனுப்பிவிடு.”

அம்மா முந்தானையில் கை துடைத்தாள். “மாடு வரும்ங்க. கயிறு என் கையிலதான் இருக்கும். மாடு திங்கறப்ப நான் பக்கத்துல இருந்தே ஆகணும்னு டாக்டரம்மா கண்டிஷனா சொல்லிட்டாங்க.”

டாக்டரம்மா அப்படி ஒரு வார்த்தை சொன்னதாக எனக்கு நினைவில்லை.

அவர் செவலையைப் பார்த்தார். ஊரில் வேறு மாடு இல்லை. “சரி.”

ஜனவரி 28

பனி குறைவு. கிளம்பும் முன் செவலைக்கு வயிறு நிறைய வைக்கோல்.

புது வீட்டு வாசலில் எல்லாரும் பட்டில். தர்மகர்த்தா, “வாங்க, வாங்க.” மாட்டுக்கா அம்மாவுக்கா தெரியவில்லை. இரண்டு பேரும் உள்ளே போனார்கள். நான் மூன்றாவது.

தட்டில் பொங்கலோடு ஒரு மாமி வந்தார். அம்மா கை நீட்டி மறித்தாள். “வாழைப்பழம் ஒண்ணு குடுங்க, போதும்.”

நடுக்கூடம், வெள்ளை டைல்ஸ். செவலை வாலைத் தூக்கினாள். “லட்சுமி கடாட்சம்!” என்று கத்தினார்கள்.

நான் குனிந்து பார்த்தேன். மடிப்பு மடிப்பாக விழுந்திருந்தது. பருக்கை இல்லை. புளிப்பு வாடை இல்லை.

“நல்லாருக்கும்மா,” என்றேன்.