டன் லீரியில் அன்வரைப் பார்த்தது

1961 ஜூன் 11, ஞாயிறு. டப்ளின்.

மாலையில் ரயிலேறி டன் லீரிக்குப் போனேன். நகரத்தை ஒட்டிய கடற்கரை ஊர். பாண்டு வாத்தியம், ஐஸ்கிரீம், கடலுக்குள் நீளும் கற்சுவரின் மேல் குடும்பம் குடும்பமாக நடை. திண்டுக்கல்லில் எனக்கு அடுத்த வீட்டு அன்வர் இங்கே தங்கி டாக்டருக்குப் படிக்கிறான்.

நான் கிளம்பச் சில நாள் முன்பு அவன் அத்தா இறந்துவிட்டார். கடைசிப் பரீட்சை முடியும்வரை அவனுக்குத் தெரிய வேண்டாம் என்று அவன் அம்மா கேட்டுக்கொண்டார். அன்வரும் நானும் அந்தக் கற்சுவரின் மேல் நடந்தோம்.

"அத்தா தோல் மண்டியில இன்னும் எல்லாரையும் வைஞ்சுக்கிட்டுத்தான் இருக்காகளா மாமா?"

"அதுக்கென்ன குறைச்சல்?" என்றேன். சிரித்தான்.

"அம்மா என்ன சொன்னாக?"

"ஒன்னைய நல்லாச் சாப்பிடச் சொன்னாக. கதவுக்கு அந்தப் பக்கம் நின்னுதான் பேசினாக."

ஒரு பொய்யைக் கடந்துவிட்ட நிம்மதியில், கதவு விஷயத்தை நடந்தபடியே சொல்லிவிட்டேன். அவன் நின்றுவிட்டான். இத்தனை வருடமும் எனக்குத் தன் கையால் டீ கொடுத்து, எதிரே நின்று பேசியவர் அவன் அம்மா. கணவன் இறந்து இத்தா இருக்கும் மாதங்களில்தான் அவர்கள் வீட்டுப் பெண்கள் வெளி ஆண்கள் முன் வருவதில்லை.

"எப்ப மாமா?"

சொன்னேன்.

மறுபடி நடக்கத் தொடங்கியதும், "எனக்குத் தெரியும்னு அம்மாட்டச் சொல்லிராதீக. பரீட்சை எழுதிர்றேன்" என்றான்.

பிறகு கூட்டத்தை விட்டு ஒதுங்கித் தொழ நின்றான். ஊரில் மேற்கே பார்த்து நிற்பார்கள். இங்கே கிழக்கே. ஊரும் அந்தப் பக்கம்தான்.