இருபத்தெட்டா, முப்பத்திரண்டா

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலேயே வெயில். உப்பளப் பக்கம் திரும்பினால் கண் கூசுகிறது. கண்ணாடிக்குத் திருகு போடவேண்டும்.

மீன் ஏலம் முடிந்த கையோடு ஸ்டெல்லா வந்தாள். சொந்தப் படகு வாங்கப்போகிறாள். என் மகள்! இரண்டு ஃபைபர் படகு பார்த்து வைத்திருக்கிறார்கள். ஒரே பட்டறை, ஒரே அச்சு, ஒரே மாதிரி என்ஜின். அளவுதான் வேறு. 28 அடி (இனி சி.), 32 அடி (பெ.).

"அவரு பெருசுதான் வேணும்ன்றாரு. எனக்கும் ஆசதான். ஆனா நீங்க அளந்து பாத்து சொல்லுங்கப்பா. நீங்க சொல்றதுதான்."

சர்வேயராக இருந்தவன், நிலம் அளக்கத் தெரியும். கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. என்னிடம் போய்! சனிக்கிழமைக்குள் பதில். அவள் கூடை சுமந்து சேர்த்தது முழுவதும் இதில். தப்பாகச் சொன்னால் மறு படகு கிடையாது.

ஆகஸ்ட் 6, புதன்

பட்டறை. டேப்போடு. இரண்டையும் இரண்டு முறை. சி. 28 அடி 1 அங்குலம். பட்டறைக்காரர், "ஒரு இன்ச்சு நம்ம இனாம் சார்."

பெ.: வலை கூட ஏற்றலாம், ஆட்டம் குறைவு, தூரம் போகலாம்.
சி.: எண்ணெய் மிச்சம், கரையேற்ற லேசு.

அங்கேயே நின்றுவிட்டேன். எங்கள் குப்பத்தில் துறைமுகம் இல்லை. தினமும் மணலில் தள்ளி ஏற்றவேண்டும். டிராக்டர் பக்கத்துக் குப்பத்துடையது, அவர்கள் வேலை முடிந்தால்தான் வரும்.

மாப்பிள்ளையைக் கேட்டேன். "சின்னதுக்கு எட்டு பேரு போதும் மாமா. பெருசுன்னா பதினாலு வேணும்."

ஆகஸ்ட் 7, வியாழன்

மூட்டம். புழுக்கம்.

தள்ள யார் வருவார்கள்? எழுதிப் பார்த்தேன்.
படகு ஆட்கள், மாப்பிள்ளையோடு (இனி மா.) – 5
மா. தம்பி – 1
பங்காளி வீடு – 2
எதிர்வீட்டுச் சூசை – ½ (முதுகுவலி)
ஆக 8½.

நான் ஊரோடு ஒட்டிப் பழகாதவன். அது இப்போது மகள் தலையில். சி. என்று சொல்லிவிட்டேன். "சரிப்பா" என்றாள். முகம் வாடிவிட்டது.

ஆகஸ்ட் 9, சனி

வெள்ளோட்டம். மா. "பெருச ஒரு தடவ ஓட்டிப் பாத்துட்டு விட்டுடறேன்" என்று கடல்வழியே எங்கள் கரைக்கே கொண்டுவந்துவிட்டார். டிராக்டர் இல்லை. என் பட்டியலில் இருந்த அத்தனை பேரும் வந்தார்கள், சூசைகூட. தள்ளினார்கள். அசையவில்லை. பின்பக்கம் அலை அறைந்துகொண்டே இருக்கிறது. நான் சொன்னது சரிதான். சந்தோஷமே இல்லை.

அப்போது ஏலத்திடலிலிருந்து சத்தம். "ஏய், நம்ம ஸ்டெல்லா படகுடீ! வாங்கடீ!" கூடைகளைப் போட்டுவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு ஓடிவருகிறார்கள்.

சூசை: "பொம்பளைங்க படகுல கை வெக்கக் கூடாது!"

"நீ முதுகப் புடிச்சிக்கினு நவுரு மாமா!"

ஸ்டெல்லாதான் முன்னால். "ஏலே... ஏலோ!" என்று அவள் குரல் கொடுக்க, மொத்தக் கரையும் திருப்பிச் சொன்னது. அசைந்தது. ஏறியது. இந்தக் குரல் இவளுக்கு எங்கிருந்து வந்தது? என்னிடமிருந்து இல்லை.

என் பட்டியலில் ஒரு பெண் பெயர் இல்லை. அவள் பெயரே இல்லை.

திருத்தம்: 8½ + பெண்கள் 11. நான் ஒரு அரை. ஆக 20.

"இப்ப சொல்லுங்கப்பா, எது?"

மூன்று விரல் காட்டினேன், பிறகு இரண்டு.

வேட்டி இடுப்புவரை நனைந்திருந்ததை வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்.