ரேடியோ லாரியும் அம்மாவின் நோன்பும்

திருவண்ணாமலை
14.2.1987

அன்பு மகள் குசுமாவதிக்கு அப்பா எழுதுவது. அருகன் அருளால் சிங்கப்பூரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள். இங்கே எல்லோரும் நலம் என்ற வரியை இன்று எழுதக் கை வரவில்லை. பதறாதே, உயிருக்கு ஆபத்து இல்லை. உன் அம்மாவுக்கு இடது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறது. காரணம் நான்தான்.

மாப்பிள்ளை அனுப்பிய, ரேடியோ அலையில் ஓடும் பொம்மை லாரிகள் இரண்டும் பத்திரமாக வந்தன. குழந்தை ஊருக்கு வரும்போது விளையாட, நம் ஊர் மண்ணுக்கு ஏற்றதைப் பார்த்து வைத்துக்கொண்டு, மற்றதை வேங்கிக்காலில் உன் அண்ணன் வீட்டுக்குக் கொடுக்கச் சொல்லியிருந்தாய். தவறாகத் தேர்ந்துவிடுவேனோ என்று எனக்கு ஒரே பயம். பக்கத்து வீட்டு இருசப்பன் வீடு கட்டக் கொட்டியிருந்த மணல், ஜல்லி, அதை அடுத்த புல்தரை என்று மூன்று இடங்களில் ஓட்டிப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். இருசப்பன், என்னா சாரு, ரிட்டயர் ஆயி லாரி ஓட்ட வந்துட்டீங்களான்னு சிரித்தார். கடைசியாக ஜல்லிக்கு வந்தபோது, ஒன்றை ஓட்டும்போது மற்றதன் பாட்டரி புதிதாகவே இருந்தால் சோதனை நியாயமாகாது என்று எண்ணி இரண்டின் சுவிட்சையும் ஒரே நேரத்தில் போட்டு, சின்னதைச் சமையலறை வாசலில் நிறுத்தியிருந்தேன். பெரியது ஜல்லியில் ஏறத் திணறியது, கைக்கருவியின் விசையை முழுதாகத் தள்ளினேன். உள்ளே அம்மா அலறும் சத்தம் கேட்டது. ஓடிப் போனால் அவள் தரையில் கிடக்கிறாள், சின்ன லாரி கூடத்துக் கட்டிலுக்கடியில் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் அலை எண் ஒன்றே, ஒருசேர இயக்கக் கூடாது என்று கூட வந்த தாளில் அச்சிட்டிருக்கிறது. முப்பது வருடம் பிள்ளைகளிடம் கேள்வியை முழுதாகப் படி என்று சொன்னவன், அதை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகுதான் படித்தேன்.

அதைவிடக் கொடுமை, அவள் லாரியைப் பார்க்கவில்லை. ஏதோ காலடியில ஓடி வந்துச்சுங்க, பெருச்சாளியோ பூனைக்குட்டியோ, மிதிச்சுட்டேன்னு அழுதாள். மிதித்த உயிருக்குப் பிராயச்சித்தமாக மூன்று நாள் வெந்நீர் மட்டும் என்று நோன்பு எடுத்துவிட்டாள். சாப்பிட்ட பிறகுதான் மாத்திரை என்று டாக்டர் சொன்னதால் மாத்திரையும் நின்றது. நானோ லாரியை அலமாரியில் ஒளித்துவிட்டு, இரண்டு நாள் வாய் திறக்காமல் இருந்தேன். இன்று காலை எழுந்து உட்காரவே முடியாமல் சாய்ந்துவிட்டாள்.

இதுவரை எழுதிவிட்டு, எழுந்து போய் லாரியை எடுத்து அவள் முன் வைத்துச் சொல்லிவிட்டேன். லாரியைத் திருப்பிச் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தாள். அப்போ உயிரு ஒன்னும் போகலியேன்னு இரண்டு முறை கேட்டாள். இல்லை என்றேன். அதன் பிறகுதான், ரெண்டு நாளா என் எதிர்லயே உக்காந்து சாப்ட்டீங்களே, எப்படிங்க எறங்குச்சு அந்தச் சோறுன்னு கேட்டாள். கஞ்சி வைத்துக் கொடுத்தேன், குடித்தாள், மாத்திரையும் போட்டுக்கொண்டாள்.

பெரிய சக்கர லாரிதான் மணல், புல் இரண்டிலும் நன்றாக ஓடியது, ஜல்லியிலும் திணறினாலும் ஏறிவிட்டது. சின்னது மணலில் புதைகிறது, சிமெண்டுத் தரையில்தான் பறக்கிறது. இருந்தாலும் என் தீர்ப்பை நம்பாமல் மாப்பிள்ளையையும் ஒரு முறை கேள். சின்னதை அண்ணனிடம் கொடுக்குமுன் வேறு அலை எண்ணில் இயங்கும் கைக்கருவி கிடைக்குமா என்று விசாரிக்கச் சொல். அம்மாவின் மாவுக்கட்டை 24ஆம் தேதி பார்க்கிறார்கள், அன்றே எழுதுகிறேன். மூவரும் நீடூழி நலமாக வாழ அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம். எடுத்த நோன்பை நடுவில் விடக் கூடாதாம், மிச்சம் இருக்கிற ஒரு நாளை நீங்க இருந்து முடிங்கன்னு சொல்லிவிட்டாள். இன்று எனக்கு வெந்நீர்தான்.

அன்புள்ள அப்பா,
அ. பார்சுவநாதன்