குகையை மூடிவிட்டார்கள், நைனா

என் நைனா,

நம் நகரி மலையடியில் இருந்த ரயில் குகையை மூடிவிட்டார்கள். ரயில் வராத குகைதானே என்கிறது ஊர். மேலே புது ரோடு வருகிறது. கூரை இடிந்தால் ரோடும் இறங்கிவிடுமாம். உள்ளே கல்லும் மண்ணும் கொட்டி, மிச்ச இடத்தில் குழாய் வைத்து சிமெண்டுக் குழம்பைப் பாய்ச்சினார்கள்.

நீ கண்ணை மூடிய பிறகு தறிகளைப் பார்த்துக்கொள்ளும் தம்பிதான் திருப்பதியில் இருக்கும் எனக்கு போன் செய்தான். "அக்கா, சொரங்கத்த மூட்றாங்க. வரியா?"

இவன் ஏன் என்னைக் கூப்பிடுகிறான்? அது உனக்கும் எனக்கும் மட்டுமான இடமில்லையா? பஸ் வடமாலபேட்டை தாண்டும்வரை இதே நினைப்பு.

வீட்டில் நீ கத்தித்தான் பேசுவாய். பவர்லூம் ஓடும். அமாவாசைக்குத் தறி நின்றாலும் கத்துவாய். காது அப்படி ஆகிவிட்டது. லீவு நாளில் என்னைக் குகைக்குக் கூட்டிப்போவாய். அங்கே உன் குரல் சுவரில் பட்டு உனக்கே திரும்பி வரும். அதனால் அங்கே மட்டும் மெதுவாகப் பேசினாய். "பயமாக்கீதா கண்ணு?"

அந்தக் குரல் எனக்கு மட்டும் தெரியும் என்று இருந்தேன்.

நானும் தம்பியும் குகை வாயை நெருங்கினோம். குழாயைப் பிடித்திருந்தவர் "ஜரகண்டி, ஜரகண்டி" என்று நகரச் சொல்லிக் கை காட்டினார்.

"இன்னாக்கா, சாமி தரிசனமா?" என்று சிரித்தான் தம்பி. சிரிப்பு சீக்கிரம் நின்றது.

"நைனா இங்க வந்தா மெல்லமா பேசும்க்கா. உனக்குத் தெரியாது."

"அப்படியா?"

"பாடும் கூட."

பாட்டா? நீயா?

"உன்ன இங்க கூட்டினு வரவே இல்லயா?"

அவன் கண்ணில் நிஜமான இரக்கம். வந்திருக்கிறேன் என்றால் அடுத்த கேள்வி எனக்குத் தெரியும். உனக்கு இன்னா பாட்டு பாடிச்சு?

"இல்ல" என்றேன்.

"ஐயோ, பாவம்க்கா நீ. நான் பாடிக் காட்டட்டா?"

"வாணாம்."

உன் பாட்டு அவன் வாயிலிருந்துதான் எனக்கு வர வேண்டுமா? ஏன் எனக்குப் பாடவில்லை? நான் கேட்டிருக்க வேண்டுமோ? அவன் கேட்டானோ?

அதற்குள் பம்பு ஓட ஆரம்பித்தது. அதன்பிறகு நாங்களும் உன்னைப் போலக் கத்தித்தான் பேசினோம்.

இதைத் தமிழில் எழுதுகிறேன். அச்சில் வந்தாலும் தம்பி படிக்கமாட்டான். தெலுங்கு மீடியம். ஊரே படிக்கட்டும், அவன் மட்டும் வேண்டாம்.

குகை நிரம்பிவிட்டது. உன் பாட்டு இப்போது அவனிடம் மட்டும்தான் இருக்கிறது. அதுதான் பொறுக்கவில்லை.

ஓர் அமாவாசைக்கு வீட்டுக்கு வருவேன், நைனா. தறி நின்றிருக்கும். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, பாடுடா என்று கேட்பேன். கட்டாயம் கேட்பேன்.

இந்த அமாவாசைக்கு இல்லை.

குகைக்குள் உன் விரலைப் பிடித்து நடந்த,
உன் மூத்தவள்