சக்களத்தி அனுப்பிய சூரணம்

அம்பகரத்தூர்
3-2-1956

காரைக்கால் அஞ்சுகம் அக்காவுக்கு ராசாத்தி கும்பிட்டு எழுதிக்கொண்டது.

அவர் போய் எட்டு மாசம் ஆகுது. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த என்னை வாசலோட அனுப்பிட்டீங்க. இளைய தாரமா வந்தவ, எனக்கு அதைக் கேட்க வாயில்லை. ஆனா நீங்க தலை வாருறதில்லை, அடுப்பு மூட்டுறதில்லைன்னு மீன் விக்க வந்த செல்லம் சொல்லிச்சு. கேட்டு அழுதுட்டேன். அமுக்கராச் சூரணம் அனுப்பியிருக்கேன், மனச்சோர்வுக்கு. பாலில் ஒரு சிட்டிகை போட்டுக் குடிங்க.

தங்கை ராசாத்தி

காரைக்கால்
9-2-1956

ராசாத்திக்கு,

பொட்டலம் வந்துச்சு. திடீர்னு என்ன கரிசனம்? நீ இடுமருந்து வச்சுத்தான் அவரை மயக்கினேன்னு ஊரே பேசுச்சு. இப்ப எனக்கா? நான் போய்ச் சேர்ந்தா இந்த வீடு உனக்குன்னு நினைப்போ? உன் பொடியைக் கொஞ்சம் சோத்துல பிசைஞ்சு பூனைக்கு வச்சேன். அது நல்லாத் தூங்குது. அதுதான் இன்னும் சந்தேகமா இருக்கு. செல்லம் இனி என் வாசல்ல கூடை இறக்க வேணாம்.

அஞ்சுகம்

அம்பகரத்தூர்
14-2-1956

அக்காவுக்கு,

கோவிச்சுக்காதீங்க. எனக்கு இடுமருந்து வைக்கத் தெரிஞ்சிருந்தா அவர் வாரத்துல அஞ்சு நாள் உங்க வீட்டுலயா இருந்திருப்பார்?

ஆடி மாசம் ஒருநாள் கிணத்துச் சுவர்ல ஏறி உக்காந்துட்டேன். தண்ணி இறைக்க இல்லை. பக்கத்து வீட்டு மலர்க்கொடி பாத்து இழுத்துட்டுப் போய் வைத்தியர்கிட்ட விட்டா. வைத்தியர் தந்ததுதான் இந்தப் பொடி. பத்து நாள் ஒண்ணும் தெரியலை. அப்புறம் தூக்கம் வந்துச்சு. ஒருநாள் ரசம் வைக்கணும்னு தோணுச்சு. துக்கம் போயிடலை அக்கா. எழுந்திருக்க முடியுது, அவ்வளவுதான். இந்த மருந்து எல்லாருக்கும் கேக்கும்னு வைத்தியரும் சொல்லலை. வேணாம்னா கொட்டிடுங்க. ஆனா உங்களைத் தனியா நினைச்சாலே எனக்குப் பயமா இருக்கு.

ராசாத்தி

காரைக்கால்
20-2-1956

ராசாத்திக்கு,

கொட்டலை. நீ எழுதினதை நாலு தரம் படிச்சேன். பொய்யாவும் இருக்கலாம். உன்னை நான் நம்பலை.

அதனால ஒரு ஏற்பாடு. பொடியை முதல்ல நீ என் கண்ணு முன்னால குடிக்கணும். அப்புறம்தான் நான். ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாளும் அப்படித்தான். தினம் பஸ்ஸுல வந்துபோக உன்னால ஆகாது, இங்கேயே இரு. வீட்டுப் பத்திரம் பெட்டியில, சாவி என் இடுப்புல. அதை நினைப்புல வச்சுக்க.

எங்க கொல்லைக் கிணத்தைப் பலகை போட்டு மூடி ரெண்டு மாசம் ஆச்சு. நான்தான் மூடினேன். என் மேலயே எனக்கு நம்பிக்கை இல்லாமப் போச்சுடி. ஒருத்தர்கிட்டயும் சொல்லலை, உன்கிட்டதான் சொல்றேன்.

கடுதாசி கிடைச்ச அன்னைக்கே கிளம்பு. பொடி ரெண்டு பேருக்குக் காணுற மாதிரி வாங்கிட்டு வா.

அஞ்சுகம்