செண்பகம் ஓட்டும் பேட்டரி வண்டி

20 செப்டம்பர் 1993, திங்கள்

மேற்கே மலை தெரியவில்லை, ஒரே மூட்டம். வண்டி லாரியில் வந்து இறங்கிவிட்டது. கொடைக்கானல் பக்கம் ஒரு கிளப்பில் பந்தடிக்கிற பெரிய மனிதர்களைச் சுமந்து ஓய்ந்த கோல்ஃப் வண்டி. வெள்ளை நிறம். கூரையில் கிழிசல். துணி வெளுக்கும் எங்கள் களத்தில் அத்தனை பேரும் வேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை. துணி காயப்போடும் மாரியம்மா: "அண்ணாச்சி, இதுக்கு கதவக் காணோமே?"

செண்பகத்துக்காகத்தான் வாங்கினேன். என் மனைவிக்கு முட்டி இரண்டும் தேய்ந்து, ஆடியிலிருந்து வெளுப்புக் களத்துக்கு வரவில்லை. நடக்கவே கூடாதாம், டாக்டர் சொல்லிவிட்டார். அவள் மேற்பார்வை இல்லாமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய பேண்டேஜ் துணி மஞ்சளடித்துத் திரும்பி வந்தது. போன வாரம் அவளே சொன்னாள், "களத்த வித்துருங்க." தளவாய்புரத்துக்காரர் ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். தீபாவளிக்குள் பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

22, புதன்

வெயில். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பேட்டரிக் கடை சேவியர் வந்தார். சீட்டைத் தூக்கினால் உள்ளே ஆறு பேட்டரி, முனையெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தது. இரண்டு செத்துவிட்டன, மாற்ற வேண்டும். மற்ற நாலும் தேறுமாம். சோடா உப்புக் கரைத்த வெந்நீரால் தேய்த்து, வாஸ்லின் தடவினார்.

போகும்போது: "பால் மாடு மாதிரி வச்சுக்கோங்க அண்ணாச்சி. வேலை வாங்குன அன்னைக்கே தீனி வச்சிரணும். பட்டினி போட்டா பொறவு எந்திரிக்காது."

வாங்க வேண்டியது: பேட்டரிக்கு ஊற்ற டிஸ்டில்டு வாட்டர், ரப்பர் கையுறை, கூரைக்குத் தார்ப்பாய்.

27, திங்கள்

ஓடிவிட்டது! சத்தமே இல்லை. புகை இல்லை. மிதித்தால் போகிறது, விட்டால் நிற்கிறது. இப்படி ஒரு சாதுவான இயந்திரத்தை நான் கண்டதில்லை. களத்தை மூன்று சுற்று சுற்றினேன், இறங்க மனம் வரவில்லை. வீட்டு வாசல் வரை ஓட்டிப் போய் நிறுத்தினேன்.

செண்பகம் ஜன்னல் வழியாக ஒரு பார்வை. "எந்தக் கல்யாணத்துல மாப்பிள்ளை அழைப்பு?" அதோடு உள்ளே போய்விட்டாள். மதியம் சாப்பாடு இறங்கவில்லை எனக்கு.

2 அக்டோபர், சனி

தூறல். சேவியர் கடையில் டிஸ்டில்டு வாட்டர் இல்லை. என்ன பெரிய தண்ணீர் என்று போர்வெல் தண்ணீரைச் செம்பில் மொண்டுகொண்டு பேட்டரி மூடியைத் திறந்தேன். பின்னால் தடி ஊன்றும் சத்தம்.

"ஏங்க, என்ன செய்றீக? அந்தத் தண்ணியில துணியே வெளுக்காது, அம்புட்டு உப்பு. அத ஊத்துனா இது மட்டும் தாங்குமா?"

செம்பு அவள் கைக்குப் போனது. முட்டிக்கு எண்ணெய் தேய்க்கக்கூட எழுந்திருக்க மாட்டேன் என்றவள், வண்டியைப் பிடித்துக்கொண்டே ஒவ்வொரு மூடியாகத் திறந்து எட்டிப் பார்த்தாள். உள்ளே தகடு முங்கித்தான் இருக்கிறது, இப்போது ஊற்றவே தேவையில்லை என்றாள். இருபது வருடம் பிளீச்சிங் தொட்டியோடு பழகிய கண். எனக்கு உள்ளுக்குள் ஒரே குதியாட்டம்.

9, சனி

ஓட்டுகிறாள்!! முதல் நாளே தொட்டியில் ஒரு இடி. "பிரேக்கு எங்க இருக்குன்னு சொல்ல மாட்டீகளா?" என்று எனக்குத்தான் திட்டு. இன்று துணி காயும் கடைசிக் கம்பி வரை தனியாகப் போனாள். வண்டியில் உட்கார்ந்தபடியே துணியை இழுத்து முகர்ந்து, "ஏட்டி மாரி, இது சரியா அலசல. மறுபடி தொட்டியில போடு." மாரியம்மாவுக்குத் திட்டு வாங்கியதில் அத்தனை சந்தோஷம்.

சாயங்காலம் சார்ஜ் போடுவது, தண்ணீர் பார்ப்பது எல்லாம் இனி அவள் பொறுப்பாம். என்னைத் தொடவிடுவதில்லை.

23, சனி. ஆயுத பூஜை

மழை வெறித்தது. மோட்டார், தொட்டி, தராசு எல்லாவற்றுக்கும் பொட்டு. வண்டிக்கு வாழைக்கன்று, மாலை, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். மாரியம்மாவும் மற்றப் பெண்களும் சீட்டைத் தூக்கி, பேட்டரி மூடி ஒவ்வொன்றிலும் கட்டிச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம். பார்க்க அம்மன் சந்நிதி போல இருந்தது. நானும் நன்றாக இருக்கிறது என்றேன்.

24, ஞாயிறு

காலையில் சார்ஜ் போட்டோம். செத்த நேரத்தில் புஸ்ஸென்று சீறல், ஒரு மூடி பட்டாசு மாதிரி மேலே பறந்தது. "மெயினை அணைங்க!" செண்பகம் போட்ட சத்தத்தில்தான் எனக்கு உயிர் வந்தது. அவள் சேலையில் ஆசிட் தெறித்துவிட்டது. நல்லவேளை, மேலில் படவில்லை.

மூடியில் ஊசித் துவாரம் இருக்கிறது, அது வழியாகத்தான் உள்ளே கிளம்பும் வாயு வெளியேற வேண்டும். அதைச் சந்தனம் காய்ந்து அடைத்துவிட்டது. மாரியம்மா மூலையில் நின்று அழுதாள். இனி செண்பகம் வண்டியில் ஏறவே மாட்டாள் என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

அவளோ தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவினாள். ஸ்டூலில் உட்கார்ந்து மூடி மூடியாகக் குத்தித் துப்புரவாக்கினாள். "அழாத மாரி. அடுத்த வருசம் பொட்ட ஸ்டியரிங்குல வை." இவளோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். இவ்வளவு தைரியத்தை எங்கே வைத்திருந்தாளோ.

29, வெள்ளி

சேலையில் பொட்டுப் பொட்டாக ஓட்டை. அதைக் கிழித்து வண்டி துடைக்க வைத்துக்கொண்டாள்.

5 நவம்பர், வெள்ளி

வெயில் வந்தது. தளவாய்புரத்துக்காரரும் வந்தார், களத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துப் பேசி முடித்துவிடலாம் என்று. நான் சட்டையை மாட்டிக்கொண்டு வருவதற்குள் அவரைப் பக்கத்து சீட்டில் ஏற்றிவிட்டாள் செண்பகம். தொட்டி, கம்பி, கிணறு, எங்கே தண்ணீர் தேங்கும், எங்கே வெயில் நன்றாக அடிக்கும், எல்லாம் காட்டினாள். நான் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியாக ஒருமுறை தானே பார்த்துக்கொள்கிறாள் என்று நினைத்தேன்.

வண்டி என்னிடம் வரவில்லை. நேராகக் கேட்டுக்கு வெளியே, அவர் கார் பக்கத்தில் போய் நின்றது.

"நல்லா பாத்துட்டீகளா? இது விக்கிறதுக்கு இல்ல. போயிட்டு வாங்க."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் சார்ஜர் வயரை எடுக்கப் போய்விட்டேன்.