பின்னணியில் வேறு நபர்

மார்ச் 3, திங்கள்

ஆபீஸ் கொடுத்த லேப்டாப்பில் புது ஆப் ஒன்று தானாகவே ஏறியிருக்கிறது. வீட்டிலிருந்து வேலை பார்க்கிற எல்லாருக்கும் இனி இதுதானாம். ஷிஃப்ட் நேரத்தில் நினைத்தபோது கேமராவைத் திறந்து படம் எடுத்துக்கொள்ளும், நான் நாற்காலியில்தான் இருக்கிறேனா என்று பார்க்க. இன்ஷூரன்ஸ் பற்றிக் கேட்டு ஃபோன் பண்ணுகிறவர்களுக்குப் பதில் சொல்கிற வேலைக்கு என் முகம் எதற்கு?

என் முகத்தை எத்தனை தடவை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். முதுகுக்குப் பின்னால் கட்டில் இருக்கிறதே. கட்டிலில் இவர். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போனதிலிருந்து இவருக்கு எல்லாமே கட்டிலில்தான். சிறுநீருக்குப் பாட்டில் வைப்பது, துடைப்பது, துணி மாற்றுவது. இருப்பதோ ஒரே அறை. சமையலறையில் நான் திரும்பினாலே முழங்கை இடிக்கும். அங்கே மேசையை எங்கே போடுவது?

மார்ச் 4, செவ்வாய்

செட்டிங்ஸில் பிரைவசி என்று ஒரு இடம். அதற்குள் கேமரா. யார் யாருக்கு அனுமதி என்று வரிசையாக வருகிறது. எப்போதோ கண்ணை மூடிக்கொண்டு 'சரி' கொடுத்ததெல்லாம் அங்கே சட்டமாக உட்கார்ந்திருக்கிறது. ஏதோ ஒரு கேம்கூட. ஒவ்வொன்றாக அணைத்தேன். வீடு பெருக்கின மாதிரி ஒரு திருப்தி. கடைசியில் ஆபீஸ் ஆப். அதன் சுவிட்ச் மட்டும் மங்கலாக இருந்தது. அழுத்தினால் அசையவில்லை. கீழே பொடி எழுத்தில், 'இதை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது.'

"முடிஞ்சுதா?" என்று கட்டிலிலிருந்து கேட்டார்.

முடிந்தது என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

மார்ச் 6, வியாழன்

லேப்டாப்பைப் பையில் வைத்து ரிப்பேர் கடைக்காரரிடம் எடுத்துப்போனேன். கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்துவிட்டு மூடித் தந்தார். எதை நோண்டினாலும் ஆபீஸில் தெரிந்துவிடுமாம். "பேருக்குத்தாங்க இது உங்க மேசையில இருக்கு," என்றார்.

மார்ச் 7, வெள்ளி

கேமரா மேல் பிளாஸ்திரி ஒட்டினேன். காபி ஆறுவதற்குள் டீம் லீடிடமிருந்து ஃபோன். என்னைவிடச் சின்னப் பெண், நல்ல பெண்.

"அக்கா, படம் கறுப்பா வருது, எடுத்துடுங்க. என்னைக் கோவிச்சுக்காதீங்க, எங்களையும் ஒருத்தர் பாத்துக்கிட்டுத்தான் இருக்காங்க."

எடுத்துவிட்டேன். பின்னால் போர்வையைக் கட்டித் தொங்கவிட்டேன். அதுவும் கூடாதாம். அறை தெரிய வேண்டுமாம்.

மார்ச் 12, புதன்

தணிக்கைப் பிரிவிலிருந்து மெயில். தலைப்பு: பின்னணியில் வேறு நபர். படத்தையும் சேர்த்தே அனுப்பியிருக்கிறார்கள். நான் எழுந்துபோய்க் குனிந்திருக்கிறேன். இவர் வேட்டி விலகி—

எழுத வரவில்லை. இவரைச் சுற்றிச் சிவப்பில் ஒரு கட்டம் போட்டிருந்தார்கள். யார் போட்டது? ஆணா, பெண்ணா? எத்தனை பேர் பாத்தாங்களோ, பாத்து என்ன பேசிக்கிட்டாங்களோ.

மூடுவதற்குள் இவர் பார்த்துவிட்டார்.

"அது நான்தானே?"

நான் லேப்டாப்பை மூடினேன்.

"அன்னைக்கு முடிஞ்சுதுன்னு சொன்னியே."

சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 14, வெள்ளி

நிலைமையைச் சொல்லி ஆபீஸுக்கு எழுதியிருந்தேன். பணி நேரத்தில் தனி அறையில் இருப்பது பணியாளரின் பொறுப்பு என்று பதில். தனி அறை. படித்தபோது சிரிப்பு வந்துவிட்டது.

வேலையை விட்டுவிடட்டுமா என்று இவரிடம் கேட்டேன். "விட்டுட்டு?" என்றார். வீட்டுக்கு வருகிற சம்பளம் இது ஒன்றுதான்.

மார்ச் 20, வியாழன்

இவருக்குக் காய்ச்சல். நேற்று உடம்பு தூக்கிப் போட்டது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, சிறுநீரில் கிருமி என்றார். தண்ணீரே கொடுப்பதில்லையா என்று என்னைக் கேட்டார். கொடுக்காமல் என்ன, கைக்கு எட்டுகிற இடத்தில்தான் சொம்பை வைக்கிறேன் என்று சொல்லத் திரும்பினேன். சொம்பில் தண்ணீர் வைத்தது வைத்தபடி நிறைந்திருந்தது.

டாக்டர் போனபிறகு கேட்டேன். சொம்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"குடிச்சா நீ எந்திரிச்சு வரணும். ஷிஃப்ட் முடியற வரைக்கும் தாங்கிடலாம்னு பாத்தேன்."

கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். முகம் தெரியாதவங்களை எல்லாம் 'சொல்லுங்க சார், என்ன உதவி வேணும்'னு நாளெல்லாம் கேட்டுக்கிட்டு இருந்தேனே. இவரை ஒரு வார்த்தை கேட்டேனா?

மார்ச் 22, சனி

இவருடைய அக்கா வந்திருக்கிறார். அவர்கள் வீட்டில் பின்னறை சும்மாதான் கிடக்கிறதாம். இவருடைய அத்தானும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார், தூக்க வைக்க ஆள் உண்டு என்றார். "தம்பி அங்க வந்து இருக்கட்டும்மா. நீ நிம்மதியா வேலையைப் பாரு."

யோசித்துச் சொல்கிறேன் என்று நான் வாயெடுப்பதற்குள் இவர், "சரிக்கா," என்றார்.

மார்ச் 23, ஞாயிறு

காலையில் வண்டி வந்தது. இவர் தலையணையை மறந்துவிட்டுப் போய்விட்டார்கள்.

ஏப்ரல் 2, புதன்

ஆப்பில் பச்சை டிக். 'உங்கள் பணியிடம் விதிகளுக்கு ஏற்றவாறு உள்ளது.'

ஏப்ரல் 13, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போய்வர ஒரு முழு நாள் பயணம். லீவு கேட்டால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்கிறார்கள். ஃபோன்தான்.

காய்ச்சல் விட்டுவிட்டதாம். நன்றாகச் சாப்பிடுகிறாராம். அத்தான் உட்கார வைத்துத் தாடியை மழித்துவிட்டதில் மாப்பிள்ளை மாதிரி இருக்கிறார் என்று அக்கா சிரித்தார். "இரு, நீயே பாரு," என்று வீடியோவைப் போட்டார்.

நான் அவசரமாக முகத்தைத் துடைத்துக்கொண்டு, தலையைக் கோதிவிட்டு, திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஜன்னல் ஆடி ஆடி வந்தது. அப்புறம் ஒரு கதவு. கட்டிலின் கால்மாடு, மடித்து வைத்த போர்வை.

"வேணாம்க்கா. அதை அணைச்சிடு. பேசினா போதும்," என்று இவர் குரல்.

திரை இருட்டானது.

"சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

சாப்பிட்டேன் என்றேன்.